மேசைமேல் ஓடும் கார்

நம் ஊர் வீடுகளில் அண்மைக்காலத்தில் புதிய பொருளொன்று இடம்பிடித்து வருகிறது. படிக்கும் மேசையின் விளிம்பில் திருகாணியிட்டு இறுக்கிய ஸ்டியரிங். மேசையின் கீழே மூன்று மிதிகள். பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் கைப்பிரேக்கு. எதிரே கணினித் திரை. முத்தியால்பேட்டையிலும் இலாசுப்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும் இரவு உணவு முடிந்து பெரியவர்கள் படுக்கைக்குச் சென்ற பின்னர், வாலிபப் பிள்ளைகள் சிலர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அத்திரையில் காரோட்டுகின்றனர். அக்கார் நேராக ஓடுவதில்லை. வளைவுதோறும் பின்புறம் ஒதுங்க, முகம் ஒரு திசையும் ஓட்டம் மறு திசையுமாக, புகை கக்கிக்கொண்டு நழுவி நழுவி ஓடுகிறது. இதற்கு 'டிரிஃப்டிங்' என்று பெயர். சறுக்கி ஓட்டுதல் என்று நாம் கூறலாம். அந்த மேசைப் பொறியைச் சிமுலேட்டர் என்கின்றனர்.

"இவன் மேசைமேல் ஓட்டியவரை எனக்குக் கவலை இல்லை. இப்போது அப்பாவின் கார்ச் சாவியைக் கேட்கிறான். 'எல்லாம் கத்துக்கிட்டேன் அம்மா, காலி ரோடு ஒண்ணு கிடைச்சாப் போதும்' என்கிறான். நான் என்ன சொல்வது?" என்று ஒரு தாய் நம்மைக் கேட்டார். 'கூடாது' என்று ஒரே சொல்லில் விடையளித்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் அவ்விடை போதாது. எல்லாம் கற்றுக்கொண்டேன் என்று அப்பிள்ளை கூறுவதில் பாதி உண்மை. உயிருக்கு உலை வைப்பது மறுபாதி. எது உண்மையான பாதி, எது மற்றது என்று பெற்றோருக்கும் தெரிந்தாலன்றிப் பிள்ளையோடு வாதிட இயலாது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மழைநாளில் வளைவில் திரும்பும் கார் ஒன்றின் பின்சக்கரங்கள் தரையின் பிடியை இழந்து வெளிப்புறமாக ஒதுங்குவதை நாம் கண்டிருப்போம். சாதாரண ஓட்டுநருக்கு அது விபத்தின் தொடக்கம். டிரிஃப்ட் ஓட்டுபவரோ அந்நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி, அதிலேயே காரை நிறுத்திவைத்து, வளைவு முடியும்வரை நடத்திச் செல்கிறார். பின்புறம் வலப்பக்கம் ஒதுங்கினால் முன்சக்கரங்களையும் வலப்பக்கமே திருப்பவேண்டும். அதாவது வளைவு இடப்பக்கம் போக, ஸ்டியரிங் வலப்பக்கம் போகும். வைத்திக்குப்பத்து மீனவரிடம் கேட்டால் இது விந்தையாக இராது. கரைக்கு வரும் கட்டுமரத்தின் பின்முனையை அலை ஒருபுறம் தள்ளும்போது, துடுப்பைப் பிடித்து நிற்பவர் அதனை அளவோடு எதிர்த்துத் திருப்பிக் கட்டுமரத்தை நேர்செய்கிறார். அளவு மிஞ்சினால் மறுபுறம் கவிழ்த்துவிடும். காரிலும் அப்படியே. திருப்புவதில் பிந்தினால் வண்டி பம்பரமாய்ச் சுழலும். மிஞ்சினால் மறுபக்கம் வெடுக்கென வீசியெறியும்.

இதற்கு ஏற்றது பின்சக்கரங்கள் தள்ளி ஓடும் கார். வலக்காலால் எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் பின்சக்கரங்களின் சறுக்கலை ஆள்வதே இக்கலையின் உயிர்நிலை. நம் தந்தையர் ஓட்டிய அம்பாசடரும் பிரிமியர் பத்மினியும் பின்சக்கர வண்டிகளே. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதுமுதல் முன்சக்கரம் இழுக்கும் கார்களே நம் வீதிகளில் பெருகின. (முன்சக்கர இழுவையைப் பெருந்தொகையாகச் செய்து காட்டிய முன்னோடிகளுள் ஒன்று, 1934-இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் வெளியிட்ட கார். காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள்: நம் அம்பாசடரின் பெயரையே 2017-இல் இன்னொரு பிரெஞ்சு நிறுவனமான பூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.) ஆகவே இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் நிற்கும் கார், பெரும்பாலும், டிரிஃப்டுக்கு உதவாத கார். அதில் கைப்பிரேக்கை வெடுக்கென இழுத்தால் வால்பகுதி சுழலும், உண்மையே. ஆனால் சுழன்ற வாலை ஆளுவதற்கு வலக்காலுக்கு வழியில்லை. அது தாளம் தவறிய சுழற்சி, டிரிஃப்ட் அன்று. அப்பாவின் சாவி எதற்குப் பயன்படாது என்பதற்கு இதுவே முதற்காரணம். இதனைச் சொன்னால் பிள்ளை மறுக்கமாட்டான். அவனுக்கு இது நம்மினும் நன்கு தெரியும்.

இக்கலை ஜப்பான் நாட்டு மலைப்பாதைகளிலும் பந்தயத் தடங்களிலும் வளர்ந்தது. 1970-களில் குனிமித்சு தகாஹாஷி என்னும் பந்தய வீரர் வளைவுகளில் காரைச் சறுக்கவிட்டு ஓட்டுவதில் பெயர் பெற்றார். அதைக் கண்டு கற்ற கெயிச்சி சுச்சியா, மலைப்பாதைகளில் அதனை மேலும் வளர்த்தார். 1987-இல் வெளிவந்த ஒரு படச்சுருள் அவரை நாடறியச் செய்தது. 2001-இல் 'டி1' என்னும் முறையான போட்டித் தொடர் அங்கே தொடங்கிற்று. அமெரிக்காவில் 2004 முதல் அத்தகைய தொடர் நடந்து வருகிறது. பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமே 2017-இல் தோக்கியோவில் டிரிஃப்ட் கோப்பையொன்றை நடத்தியது. இப்போட்டியில் வெற்றி முந்திச் சேர்வதில் இல்லை. நடுவர்கள் அமர்ந்து, கார் சென்ற பாதை, சாய்ந்த கோணம், ஓட்டிய நயம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடுகின்றனர். ஒரு வகையில் இது ஓட்டப்பந்தயத்தைவிட நாட்டியத்துக்கே நெருங்கியது. மலைப்பாதையில் பிறந்தது என்பதற்காகப் பாதையிலேயே ஆடவேண்டும் என்பதில்லை. ஜப்பானியரே அதனைச் சாலையிலிருந்து எடுத்து வேலியிட்ட திடலுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அது விளையாட்டு என்னும் பெயரைப் பெற்றது.

கார்ப்பந்தயம் நமக்குப் புதியது என்றும் சொல்லிவிட முடியாது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் பந்தயம் நடைபெற்றதை நம் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அதனை நடத்தியது. பின்னர் 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அக்கழகம் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான தடத்தை அமைத்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி தடம், இந்தியாவிலேயே சிறு பந்தயக் கார்களைச் செய்து இளைஞருக்கு வழிதிறந்த கரிவர்தனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கோவை மண்ணிலிருந்து புறப்பட்ட நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-இல் அங்கே கால்வைத்தார். 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய நகரச் சாலைகளை அடைத்து, விளக்கொளியில் இரவுப் பந்தயமே நடத்தினர். ஆகவே 'நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் எதற்கு' என்னும் பேச்சு எடுபடாது.

இனி அந்த மேசைப் பொறிக்கு வருவோம். பாவனைப் பொறியில் பயின்று உண்மைப் பொறியை ஓட்டுவது கேலிக்குரிய செயல் என்று எண்ணும் பெற்றோர் பலர். அவர்களுக்காக ஒரு பழங்கதை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை ஆர்கனும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். கோவில்களில் நாம் கேட்கும் ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகள் உண்டல்லவா? மகனுக்கோ விமானம் ஓட்டும் ஆசை; பயிற்சிக்குப் பணம் போதவில்லை. அவர் அத்துருத்திகளையே கொண்டு, தரையை விட்டு எழாமலே சாய்ந்தும் திரும்பியும் ஆடும் சிறு விமானக் கூண்டு ஒன்றை 1929-இல் செய்தார். கேளிக்கைத் திடல்களில் அதனை விளையாட்டுப் பொருளாகவே வாங்கினர். 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகளிடம் தபால் எடுத்துச்செல்லும் பணி ஒப்படைக்கப்பட்டு, மூடுபனியிலும் இரவிலும் கருவிகளை நம்பி ஓட்டப் பழகாத பலர் சில வாரங்களுக்குள் மடிந்தனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் கூண்டுகளை வாங்கிற்று. இரண்டாம் உலகப்போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அதில் பயின்றனர். விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கப்பட்டது உயிர்காக்கும் பொருளாயிற்று.

கார் உலகிலும் இதற்குச் சான்று உண்டு. 2008-இல் நிசான் கார் நிறுவனமும் சோனி நிறுவனமும் சேர்ந்து, திரையில் சிறந்து ஓட்டுபவரைத் தேர்ந்தெடுத்து உண்மைப் பந்தய வீரராக்கும் போட்டியொன்றைத் தொடங்கின. 2011-இல் ஏறத்தாழ 90,000 பேரில் முதல்வராக வந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ என்னும் வாலிபர். இரண்டே ஆண்டுகளில், 2013-இல், பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. இவரது வரலாறு 2023-இல் திரைப்படமாகவும் வந்தது. நம் பிள்ளைகள் இதனைப் பன்முறை பார்த்திருப்பர். ஆனால் 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்ததையும் அவர்களோடு அமர்ந்து பேசவேண்டும். மேட்டொன்றின்மேல் விரைந்த அவருடைய காரின் முன்புறம் காற்றில் தூக்கப்பட்டு, கார் வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். மார்டன்பரோ பிழைத்தார், மீண்டும் ஓட்டினார். எனினும் திரையில் ஆயிரம் முறை ஓடிய ஒருவருக்கும், முறையான பயிற்சி பெற்ற ஒருவருக்கும், வேலியிட்ட தடத்திலேயே இது நேர்ந்தது. வேலியில்லாத சாலையைப் பற்றி நாம் என்ன சொல்வது?

சிமுலேட்டர் எதனைக் கற்பிக்கிறது? முதலாவதாக, கண்ணை. சறுக்கும் கார் எந்தப் பக்கம் முகம் காட்டினும், தான் சேரவேண்டிய இடத்தையே பார்க்கப் பழக்குகிறது. சுவரைப் பார்ப்பவன் சுவரிலேயே மோதுவான் என்பது ஓட்டுநரெல்லாம் அறிந்தது. அடுத்து, கையை. சறுக்கும்போது முன்சக்கரங்கள் தாமே எதிர்ப்புறம் திரும்ப முயலும். கற்றவன் ஸ்டியரிங்கைப் பிடித்து முறுக்குவதில்லை, அதனைத் தன் கைக்குள் ஓடவிட்டு, உரிய இடத்தில் பிடித்துக்கொள்கிறான். நல்ல சிமுலேட்டர்களில் மோட்டார் ஒன்று இவ்விசையை ஸ்டியரிங்கில் உண்டாக்குகிறது. (மலிவான பொறிகளில் ஸ்டியரிங் மெதுவாகத் திரும்பும், அதில் பழகியவனுக்கு உண்மைக் காரின் ஸ்டியரிங் கையைத் தட்டிவிட்டு ஓடும்.) கிளச்சை உதைத்துப் பின்சக்கரத்தின் பிடியை அறுப்பது, ஒரு சறுக்கலிலிருந்து மறுபக்கச் சறுக்கலுக்கு மாறுவது ஆகியவற்றின் வரிசைமுறையும் மனத்தில் பதிந்துவிடுகிறது. இவை பொய்யான கல்வி அல்ல. நூறு மணி நேரம் மேசையில் பயின்றவனும் ஒன்றும் பயிலாதவனும் ஒரே நாளில் திடலில் இறங்கினால், முன்னவன் விரைந்து கற்பான் என்பதில் ஐயமில்லை.

எதனை அது கற்பிப்பதில்லை? உண்மைக் காரில் பின்புறம் ஒதுங்கத் தொடங்குவதை முதலில் அறிவது கண் அன்று; இருக்கையில் பதிந்த இடுப்பும் முதுகும். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். மேசையில் நாற்காலி அசைவதில்லை. ஆகவே அங்கே பயின்றவனுக்கு அவ்வறிவிப்பு எப்படி வரும் என்பதே தெரியாது. இரண்டாவது, அச்சம். முதன்முறை கார் உண்மையாகவே சுழலும்போது மூச்சு நின்றுபோகிறது. வலக்கால் தன்னையறியாமல் மிதியைவிட்டு எழுந்துவிடுகிறது. சறுக்கலின் நடுவே அப்படிச் சட்டென்று விட்டுவிட்டால் கார் பிடிப்புப் பெற்று எதிர்ப்பக்கம் பாயும். அறிவு சொல்வதைக் கால் கேட்பதில்லை. மூன்றாவது, எடையும் தேய்வும். ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு அது. டயர் சூடேறும், பிரேக்கு சோரும், பழைய வண்டியின் ஏதோவொரு திருகாணி கழன்றுவிடும். திரையில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் கார் புதிதாய் வந்து நிற்கும். இப்பொத்தான்தான் எல்லாவற்றிலும் பெரிய பொய் என்று நமக்குத் தோன்றுகிறது. அது பிள்ளைக்குத் தெரியாமலே 'மறுமுறை உண்டு' என்று அவன் உடம்புக்குக் கற்பித்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. திரைச் சாலையில் வேறு மனிதர் இல்லை. 'காலி ரோடு ஒண்ணு கிடைச்சாப் போதும்' என்று அப்பிள்ளை சொன்னதை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் காலியான சாலை எது? கடற்கரைச் சாலை மாலைமுதல் காலைவரை வண்டிகளுக்கு அடைக்கப்படுகிறது. அங்கே முதியவர்கள் உலவுகின்றனர். வெள்ளையர் நகரத்து வீதிகள் கயிறு பிடித்தாற்போல் நேரானவை. ஆனால் குறுக்குச் சந்துகள் நெடுகிலும் வெட்டுகின்றன, சுவர்கள் தெருவை ஒட்டியே எழுகின்றன, எதிர்வருவது தெரியாது. காலாப்பட்டு வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை நள்ளிரவில் வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தோன்றும். அச்சாலையின் ஒருபக்கம் மீனவர் குப்பங்கள். விடியுமுன்னே கரைக்குப் போகும் ஆண்களும், மீன்கூடையோடு பேருந்துக்கு நிற்கும் பெண்களும் அச்சாலையைக் கடக்கின்றனர். விளக்கில்லாத மிதிவண்டிகள் செல்லும், மாடுகள் படுத்திருக்கும். சறுக்கும் கார் தனக்கு வேண்டிய அகலத்தைச் சாலையிடம் கேட்டு வாங்குவதில்லை. அது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்கிறது. ஊசுட்டேரிக் கரையும் கடற்கரை மணலும்கூட இதற்குரிய இடங்கள் அல்ல. ஏரி பறவைகளின் சரணாலயம், மணல் மீனவர் வலை உலர்த்தும் முற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்துவைத்தல் நன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதையும் அதில் பங்குகொள்வதையும் குற்றமாக்குகிறது. 2019-இல் செய்த திருத்தத்தின்படி முதல் முறைக்கு மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு ஓராண்டுவரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அபாயகரமாக ஓட்டுவதற்கு 184-ஆம் பிரிவு தனியே இருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவர்: மூன்றாண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு இரத்து, பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை உரிமம் இல்லை. பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஈடுபட்ட வண்டிக்குச் சாதாரணக் காப்பீடு பொருந்தாது என்று பாலிசித் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிப் பிள்ளையைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதி அடைவதற்கில்லை. ஆசை அப்படியே இருக்கிறது. வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. அடைபட்ட ஆசை நள்ளிரவில் நண்பனின் காரில் போய் உட்காரும். ஆகவே மேசைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் நம் ஊரில் இல்லை என்பதை ஒப்புக்கொள்வோம். புதுவையில் பந்தயத் தடம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். கோவைக்கு ஒரு நாள் ஒதுக்கவேண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை தந்தையும் மகனுமாகப் போய்வர இயலாத தொலைவுகள் அல்ல இவை. திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் இதைவிடத் தொலைவு போகிறோம்.

முதற்படி கார்ட்டிங் என்னும் சிறு திறந்த வண்டி. அது பின்சக்கர வண்டி. தரையோடு ஒட்டி அமர்வதால் சறுக்கல் இடுப்புக்கு உடனே தெரிகிறது. மேசையில் விடுபட்ட பாடம் இங்கேதான் கிடைக்கிறது. வேலியிட்ட தடமாதலால் சாலை உரிமம் வேண்டுவதில்லை. சிறுவர்களுக்கும் வயதுக்கேற்ற பிரிவுகள் உண்டு. பதினெட்டு நிறைந்து உரிமம் பெற்றபின், பந்தயத் தடங்களில் பயிற்சிப் பள்ளிகள் நாள் கணக்கில் நடத்தும் வகுப்புகளில் சேரலாம். டிரிஃப்டுக்கென்றே வகுப்பு எப்போதும் இராது. எனினும் ஈரத்தரையில் கார் பிடிப்பிழப்பதை ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து கற்பிக்கும் வகுப்பு கிடைத்தால் அதனைத் தவறவிடலாகாது. ஈரத்தரையின் பெருமை யாதெனில், காய்ந்த தரையில் மிகுந்த வேகத்தில் நிகழ்வது, நீர் தெளித்த சிமெண்டுத் தளத்தில் இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே நிகழும். டயரும் தேயாது. தவறினால் கார் சோம்பலாய்ச் சுழன்று நிற்கும், அவ்வளவே. ஒற்றைக் கூம்பைச் சுற்றி வட்டமிடுதல், பின் இரண்டு கூம்புகளைச் சுற்றி எட்டுப் போடுதல் என்று பல நாள் இதிலேயே கழிக்கவேண்டும். திரையில் மலைப்பாதை முழுவதும் சறுக்கியவனுக்கு இந்த எட்டு அவமானமாகத் தோன்றும். ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போட்டதைப் போலத்தான் இருக்கும். ஆனால் இந்த எட்டு அவன் காலையும் இடுப்பையும் ஒன்றாகப் பேசவைக்கிறது.

மண் தளத்தில் ஒருவர் பின் ஒருவராக நேரம் குறித்து ஓடும் ஆட்டோகிராஸ் போட்டிகளைக் கழகங்கள் நடத்துவதுண்டு. வேறு வண்டி எதிர்ப்படாது. மண்ணில் பிடிப்புக் குறைவாதலால் சறுக்கல் இயல்பாகவே வரும். புதியவருக்கு இது மிகப் பொருத்தமான வாசல் என்பது நம் கருத்து. இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் போட்டி உரிமம் வேண்டியிருக்கும். மருத்துவச் சான்றும் கேட்பார்கள். கேட்கும் இடமே நல்ல இடம். ஒன்றும் கேளாமல் 'வாருங்கள், ஓட்டுங்கள்' என்று அழைக்கும் திடலைவிட்டு விலகிவிடுங்கள். மருத்துவ வண்டி நிற்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, பார்ப்பவர்கள் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார்களா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

செலவைப் பற்றியும் ஒளிக்காமல் பேசவேண்டும். சொந்த டிரிஃப்ட் கார் என்பது எடுத்த எடுப்பில் எண்ணத்தக்கதன்று. வெளிநாடுகளில் பழைய ஜப்பானியக் கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன; நம் நாட்டில் பழைய கார்களை இறக்குமதி செய்வது எளிதன்று. இங்கே இதற்குப் பயன்படுபவை பெரும்பாலும் பலர் கைமாறிய பின்சக்கரச் சொகுசுக் கார்கள். வாங்கும் விலையைப் பழுது பார்க்கும் விலை விழுங்கிவிடும். காய்ந்த தரையில் முழுமூச்சாகச் சறுக்கினால் ஒரு சோடிப் பின்டயர்கள் ஒரு பிற்பகலுக்குத் தாங்கா. காரின் அமைப்பை உரிய இசைவின்றி மாற்றிச் சாலையில் ஓட்டுவதும் குற்றமே. ஆகவே வாடகை வண்டியிலும் பள்ளியின் வண்டியிலும் ஓரிரு ஆண்டுகள் கழியட்டும். அதற்குள் ஆசை தணிந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. தணியாத பிள்ளை தானே உழைத்துச் சேர்க்கத் தொடங்குவான். ஒரு மெக்கானிக்குக் கடையில் மாலைநேரங்களில் வேலை பார்த்துக் கிளச்சையும் டிபரன்ஷியலையும் கையால் கழற்றி மாட்டக் கற்பது, இன்னொரு விலையுயர்ந்த ஸ்டியரிங் வாங்குவதைவிட அவனை வெகுதூரம் கொண்டுசெல்லும்.

அந்தத் தாய்க்கு நாம் கூறியது இதுவே. அறைக்கதவைத் தட்டி உள்ளே சென்று, அவன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அரைமணி நேரம் உட்காருங்கள். 'எனக்கும் ஒருமுறை ஓட்டக் கொடப்பா' என்று கேளுங்கள். முதல் வளைவிலேயே நீங்கள் சுழன்று நிற்பீர்கள், அவன் சிரிப்பான், எப்படித் திருப்புவது என்று சொல்லித்தருவான். தான் கற்றதைச் சொல்லித்தரும்போதுதான் தனக்கு எது தெரியாது என்பதும் ஒருவனுக்குப் புலப்படும். பிறகு பொத்தானைப் பற்றிப் பேசலாம். அந்தப் பொத்தானைத் தொடாமல், ஒருமுறை மோதினால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று ஒரு வாரம் விளையாடச் சொல்லுங்கள். தேர்ந்த ஓட்டக்காரனும் முதல் நாளில் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பது அரிது. அவனே திகைத்துப்போவான். இரண்டாம் வாரத்தில் அவன் ஓட்டும் முறையே மாறிவிடும். வேகம் குறையும், பார்வை நீளும். கார்ட்டிங் திடலுக்கு நாள் குறிக்கத் தக்க வேளை அது.

திடலுக்குப் போகும் முதல் நாள் தந்தையும் உடன் செல்லட்டும். பருத்திச் சட்டையும் முழுக்கால் சட்டையும் கணுக்காலை மூடும் கட்டுச் செருப்பும் அணியவேண்டும். நைலான் துணி வெப்பத்தில் உடலோடு ஒட்டிக்கொள்ளும். தலைக்கவசம் அளவாக இருக்கிறதா என்று அங்கேயே போட்டுப் பார்த்து வாங்கவேண்டும். இரவல் கவசம் பெரும்பாலும் தலைக்குப் பொருந்துவதில்லை. காலை உணவு இலேசாக இருக்கட்டும், தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள். பிற்காலத்தில் சொந்தக் காரோடு போகும் நாள் வந்தால், இருக்கைக்கு அடியில் கிடக்கும் தண்ணீர்ப் புட்டி, குடை, பின்னால் கிடக்கும் ஜாக்கி எல்லாவற்றையும் முதல்நாள் இரவே இறக்கி வீட்டில் வைத்துவிட வேண்டும். உருண்டு வந்து பிரேக்கு மிதியின் அடியில் சிக்கிக்கொள்ள ஒரு சிறு புட்டியே போதும்.